ஷாக் என்ற சொல்லை உன் அம்மாவிடம் சொன்ன நாள்

இருபத்திரண்டு வருடம் ஒரே மேசையின் எதிரெதிர்ப் பக்கத்தில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திய என் ரெஜினாவுக்கு,

நலமா என்று எழுதக் கை போகிறது. எழுதாமல் விடுகிறேன். நீ போய் ஐந்து மாதம் ஆகிறது. உன் நாற்காலியில் இப்போது புதிய இயற்பியல் ஆசிரியை உட்காருகிறாள். முசிறிப் பெண், நன்றாக நடத்துகிறாள். உன் அலமாரியிலிருந்த கண்ணாடிக் கோலையும் பட்டுத் துணியையும் எடுத்துக்கொண்டு வந்து, "இது யாருதுங்க டீச்சர்?" என்று கேட்டாள். உன்னுடையது என்றேன். கிழிந்துபோன என் கூறைப்புடவையிலிருந்து நீ வெட்டி வாங்கிப்போன துணி அது என்று சொல்லவில்லை.

ஸ்டாஃப் ரூம் வாசலில் சார்ஜ் போடுகிற ஸ்கூட்டர் இப்போது நான்கு ஆகிவிட்டது. இருப்பது ஒரே ப்ளக் பாயிண்ட். தினமும் காலையில் அதற்கு ஒரு சண்டை. நீ இருந்திருந்தால் பஞ்சாயத்து செய்திருப்பாய். காவிரியில் மணல் தெரிய ஆரம்பித்துவிட்டது. பாலத்தைத் தாண்டும்போதெல்லாம் பஸ்ஸில் உனக்கு இடம் போட்டுவைக்கும் பழக்கம் எனக்கு இன்னும் போகவில்லை.

இதை உன்னிடம் மட்டும் சொல்லிவிட்டு இருந்திருக்கலாம். ஆனால் உங்கள் வீட்டில் ஒரு சொல்லால் நடந்தது வேறு வீடுகளிலும் நடந்துகொண்டிருக்கும் என்று தோன்றுகிறது. அதனால் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதே.

நாம் எழுதத் தொடங்கிய நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. "மின்சாரத்தைப் பத்தி ஆதியில என்னென்ன கண்டுபிடிச்சாங்கன்னு நான் எழுதறேன். அதனால நம்ம வாயில என்னென்ன சொல் வந்து ஒட்டிக்கிச்சுன்னு நீ எழுது" என்று பங்கு பிரித்தவள் நீ. தமிழ் வழியில் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு ஒரு சின்னப் புத்தகம். அவ்வளவுதான் ஆசை.

முதல் பக்கத்தில் மரப்பிசின். கல்லாய் இறுகிப்போன பிசினைத் துணியில் தேய்த்தால் உமியும் பஞ்சும் வந்து ஒட்டிக்கொள்ளும். அந்தப் பிசினுக்குக் கிரேக்கர்கள் வைத்திருந்த பெயரிலிருந்துதான் எலக்ட்ரிசிட்டி என்ற சொல் பிறந்தது என்று நீ எழுதியிருந்தாய். எனக்கு உடனே பெருமை வந்துவிட்டது. "பாத்தியா, அவங்க சொல் பிசின்லேர்ந்து வந்தது. நம்ம சொல் மின்னல்லேர்ந்து வந்தது" என்றேன். நீ திருத்திக்கொண்டிருந்த தாளிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை. "வானத்து மின்னலும் தேய்ச்சா வர்ற பொறியும் ஒண்ணுதான்னு அவங்க பட்டம் விட்டுப் பாத்து சொன்னப்புறம்தான் நாம பேர் வெச்சோம். விடையைப் பாத்துட்டு எழுதின பரீட்சைடி அது."

அடுத்தது கரண்ட். கண்ணுக்குத் தெரியாத அந்த ஒன்றை அந்தக் காலத்தவர்கள் ஏதோ நீர்போல ஓடுவதாக நினைத்துக்கொண்டார்கள். ஆற்றின் ஓட்டத்துக்குச் சொல்லும் சொல்லையே அதற்கும் வைத்தார்கள். நீ பிள்ளைகளை முக்கொம்புக்கு அழைத்துப்போய், காவிரியும் கொள்ளிடமும் பிரியும் இடத்தில் நிறுத்தி, "தண்ணி எந்தப் பக்கம் ஜாஸ்தி போகுது? ஏன் போகுது?" என்று கேட்டாயே, நினைவிருக்கிறதா? ஒரு கம்பி இரண்டாகப் பிரியும் கணக்கு அந்த வருடம் ஒருவருக்கும் தப்பவில்லை.

சார்ஜ் என்றால் சுமை ஏற்றுவது. பேட்டரி என்றால் முதலில் வரிசையாக நிறுத்திய பீரங்கிகள். பிறகு வரிசையாக அடுக்கிய கண்ணாடி ஜாடிகள். இப்போது நம் கைப்பைக்குள் இருப்பது. இத்தாலியில் ஒருவர் செத்த தவளையின் காலைக் கத்தியால் தொட, அது துள்ளியது. உயிருள்ளவற்றின் உடம்புக்குள்ளேயே மின்சாரம் இருக்கிறது என்றார் அவர். அதே நாட்டில் இன்னொருவர், இல்லை, தொட்ட உலோகங்களில்தான் இருக்கிறது என்றார். "ரெண்டு பேரும் பாதிப் பாதி சரி, நம்மள மாதிரி" என்று ஓரத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறாய்.

அதற்கு அடுத்த பக்கத்தில் 'ஷாக்' என்ற தலைப்பு மட்டும் இருக்கிறது. கீழே ஒன்றுமில்லை.

அந்தப் பக்கத்துக்காக நாம் போட்ட சண்டையை நான் மறக்கவில்லை. முதன்முதலில் ஜாடியில் மின்சாரத்தைத் தேக்கியபோது அதைத் தொட்டு அதிர்வதை வேடிக்கையாகச் செய்தார்கள், வரிசையாகக் கைகோத்து நின்ற சிப்பாய்கள் ஒரே நேரத்தில் துள்ளியதைப் பிரான்ஸ் ராஜா பார்த்து ரசித்தார் என்று நீதான் எனக்குச் சொன்னாய். சொல்லும்போது உன் முகம் சரியில்லை. எழுது என்றேன். "முதல்ல இது விளையாட்டா இருந்திருக்குடி. எங்க வீட்ல இந்த வார்த்தையை யாரும் சொல்ல மாட்டோம். என்னால எழுத முடியல" என்றாய். நான் விடவில்லை, புத்தகம் என்றால் எல்லாம் இருக்க வேண்டும் என்று வாதாடினேன். நீ நோட்டை மூடிவிட்டாய்.

உன் அப்பா எப்படிப் போனார் என்பது எனக்குத் தெரியும். நீ ஒன்பதாம் வகுப்பு. மழை நாள். துணி காயப்போடும் இரும்புக் கம்பியில் எங்கிருந்தோ கரண்ட் இறங்கியிருந்தது. ஈரத் துணியை எடுக்கப் போனவர் அங்கேயே விழுந்தார். ஓடிப்போன உன் அம்மாவை அக்கம்பக்கத்தார் இழுத்துப் பிடித்துக்கொண்டார்கள். நல்லதுக்குத்தான் பிடித்தார்கள். அதன்பின் உன் அம்மா எந்த சுவிட்சையும் வெறும் கையால் போட்டதில்லை. முந்தானையை மடித்துப் பிடித்துத்தான் போடுவார்.

இனி அந்த ஐப்பசி நாள். மதிய இடைவேளை முடிந்து மணி அடித்தது. நீ எழுந்தாய், மேசையைப் பிடித்தாய், விழுந்தாய். ஆம்புலன்ஸில் நான்தான் கூட வந்தேன். நான் போன் செய்ததும் உன் தம்பி சேவியர் லேத் பட்டறையிலிருந்து அழுக்குச் சட்டையோடு ஓடிவந்தான், அம்மாவையும் அழைத்துக்கொண்டு. ஒரு டாக்டர், நம் பழைய மாணவிகளின் வயதுதான் இருக்கும், கதவைத் திறந்து, "இதயத் துடிப்பு தாறுமாறா ஆயிடுச்சு. ஷாக் குடுக்கறோம்" என்றாள்.

உன் அம்மா "வேணாம்" என்று அலறினார்.

"குடுங்க டாக்டர். என்ன செய்யணுமோ செய்யுங்க" என்றான் சேவியர்.

கதவு மூடியது. பிறகு திறந்தபோது அந்தப் பெண் சொன்னதை நான் உனக்கு எழுத வேண்டியதில்லை. உன் அம்மா அழவில்லை. சேவியரைத் திரும்பிப் பார்த்து, "உங்கப்பாவைக் கொன்னதையே அவளுக்கும் வைக்கச் சொல்லிட்டியே" என்றார். அவனிடம் அவர் பேசிய கடைசி வார்த்தை அதுவாகத்தான் இருந்தது, ஐந்து மாதத்துக்கு. ஒரே வீடு. சோறு போட்டுவைப்பார். அவன் சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவிவைப்பான்.

எனக்கு இது தெரியாது. உங்கள் வீட்டுக்குப் போனபோதெல்லாம் துக்கத்தில் பேசாமலிருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். போன மாதம் பள்ளி விடும் நேரத்தில் சேவியர் கேட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். இளைத்துக் கறுத்திருந்தான்.

"அக்கா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். அன்னிக்கு நான் தப்பா சொல்லிட்டேனா?"

"எதைடா?"

"குடுங்கன்னு சொன்னேனே. ஷாக்னால உயிர் போகும்னுதானே நமக்குத் தெரியும். எங்க அக்கா இருந்திருந்தா அவங்களைக் கேட்டிருப்பேன். இப்ப யாரைக் கேக்கறது?"

நடுத்தெருவில் அவன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தப்பில்லை என்று சொன்னேன். ஆனால் ஏன் தப்பில்லை என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. தமிழ் சொல்லிக்கொடுக்கிறவள், இருபத்திரண்டு வருடம் உன் பக்கத்தில் இருந்தவள், அந்தச் சொல்லுக்கு எனக்குப் பொருள் தெரியவில்லை ரெஜினா. மின்னதிர்ச்சி என்று அகராதித் தமிழில் மாற்றத்தான் தெரியும்.

அந்த டாக்டரைத் தேடிப்போனேன். காத்திருக்க வைத்தாலும் உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னாள். மருந்துச் சீட்டின் பின்பக்கம் படம் போட்டுக் காட்டினாள். கேட்கக் கேட்க உன் நோட்டில் இருந்த தவளைதான் கண்முன் வந்தது. அந்த இத்தாலிக்காரர் சொன்ன பாதி உண்மை, நம் நெஞ்சுக்குள்ளேயே இருக்கிறது.

மறு ஞாயிற்றுக்கிழமை பாலக்கரையில் உங்கள் வீட்டுக்குப் போனேன். உன் அம்மா பூசைக்குப் போய்விட்டு வந்து, தலையில் போட்ட முக்காட்டை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். சேவியர் உள்ளே போகப் பார்த்தான். அவனையும் உட்காரச் சொன்னேன்.

"அம்மா, அன்னிக்கு ஆஸ்பத்திரியில என்ன நடந்ததுன்னு உங்களுக்குச் சொல்லணும்."

"தெரியும்மா. கரண்ட் வெச்சாங்க."

"ஆமா, வெச்சாங்க. எதுக்கு வெச்சாங்கன்னு கேளுங்க. நம்ம ஒவ்வொருத்தர் நெஞ்சுலயும் ரொம்பச் சின்னதா ஒரு கரண்ட் இருக்கும்மா. கடவுள் வெச்சது. அது சீரா ஓடினாத்தான் நெஞ்சு சுருங்கி விரியும். ரெஜினாவுக்கு அன்னிக்கு அது தாறுமாறாப் போச்சு. நெஞ்சு துடிக்கல, நடுங்குச்சு. நடுங்கற நெஞ்சு ரத்தத்தைத் தள்ளாது. நான் கூட்டிட்டுப் போறப்பவே நினைவு இல்ல. வெளியிலேர்ந்து ஒரே ஒரு அடி குடுத்தா அந்த நடுக்கம் ஒரு நொடி நிக்கும். நின்னா, அதுவா மறுபடி சீராத் துடிக்க ஆரம்பிக்கும். அதுக்குத்தான் குடுத்தாங்க. மூணு தடவை குடுத்தாங்க. அவளுக்குத் திரும்ப வரல."

உன் அம்மா என்னை நம்புகிறாரா என்று தெரியவில்லை. முக்காட்டின் நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"அப்ப அவ அப்பாவுக்கு?"

இதற்கு என்ன சொல்வது என்று நான் முடிவு செய்திருக்கவில்லை. டாக்டர் சொல்லியிருந்தாள். சொல்லலாமா வேண்டாமா என்று பஸ்ஸில் வழியெல்லாம் யோசித்துக்கொண்டுதான் வந்தேன். பொய் சொன்னால் நீ மன்னிக்கமாட்டாய் என்று தோன்றியது. உண்மையையே சொன்னேன்.

"அவருக்கும் அதேதான் ஆயிருக்கும்னு சொல்றாங்கம்மா. கம்பியில வந்த கரண்ட் நெஞ்சோட சீரைக் கலைச்சிருக்கும். அவருக்குக் கரண்ட்டாலயே கலைஞ்சுது. இவளுக்கு வியாதியால கலைஞ்சுது."

"ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரிதான் நெஞ்சு நடுங்குச்சா?"

"ஆமாம்மா."

தெருவில் யாரோ பழ வண்டி தள்ளிக்கொண்டு போனார்கள். சேவியர் தலையைக் குனிந்துகொண்டிருந்தான். பிறகு உன் அம்மா கேட்டது இதுதான்.

"அன்னிக்கு அவரை நான் தொடவே இல்ல. விடல. தொடாத தொடாதன்னு எல்லாரும் பிடிச்சுக்கிட்டாங்க. மழையில கிடந்தாரு. நான் தொட்டப்போ உடம்பு சில்லுன்னு ஆயிருச்சு. ரெஜினாவை... உள்ள அவளை யாராவது தொட்டாங்களா?"

"தொட்டாங்கம்மா. நெஞ்சுல கை வெச்சு அமுக்கிக்கிட்டே இருந்தாங்க. ஒருத்தர் கை ஓஞ்சா அடுத்தவர். ஷாக் குடுக்கற அந்த நொடி மட்டும் விலகிக்கிட்டாங்க. உடனே மறுபடி கையை வெச்சாங்க. முக்கால் மணி நேரம். அந்த டாக்டர் பொண்ணுக்கு அன்னிக்கு முழுக்க தோள்பட்டை வலியாம்."

உன் அம்மா அப்போதுதான் அழுதார். ஐந்து மாதம் சேர்த்துவைத்த அழுகை. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "தனியாக் கிடக்கலைல்ல, தனியாக் கிடக்கலைல்ல" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். வெயில் ஏறிவிட்டது. முகமெல்லாம் வியர்வையும் கண்ணீருமாக நிமிர்ந்து பார்த்து, "சேவியரு, அந்த ஃபேனைப் போடுப்பா" என்றார்.

அவன் எழுந்து போய்ப் போட்டான். போட்டுவிட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டே நின்றான். திரும்புவதற்கு அவனுக்கு நேரம் ஆனது.

அத்தோடு நான் கிளம்பியிருக்க வேண்டும். முடியவில்லை. ஏனென்றால் ஒன்றை நான் யாரிடமும் சொல்லவில்லை, உன் கல்லறைக்கு முன்னால் நின்றபோதுகூட. அன்று காலை இரண்டாவது பாடவேளையில் நீ வந்து உட்கார்ந்து, "இன்னிக்கு எனக்கு சார்ஜே இல்லடி" என்றாய். நான் சிரித்தேன். "போய் ஸ்கூட்டர் பக்கத்துல நில்லு, ஏத்தி விடுவாங்க" என்றேன். நீயும் சிரித்தாய். உனக்கு எங்கே என்ன செய்கிறது என்று நான் கேட்கவில்லை. ஜாடிக்கு வைத்த சொல்லை நாம் மனிதருக்கு வைத்துப் பேசிப் பழகிவிட்டோம். அதற்குள் ஒரு நோயாளி ஒளிந்திருப்பாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அன்றைக்கு நான் கேட்டிருந்தால், காலையிலேயே டாக்டரிடம் போயிருந்தால்? டாக்டரிடம் இதையும் கேட்டேன். "சொல்ல முடியாதுங்க" என்றாள். அந்தப் பதிலோடுதான் இருக்கிறேன்.

இதை உன் அம்மாவிடம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

"என்கிட்டயும் சொன்னாம்மா" என்றார் அவர். "காலையில காப்பி வேணாம், என்னமோ மாதிரி இருக்குன்னா. நேரமாச்சு கிளம்புன்னு நான்தான் அனுப்பினேன்."

சேவியர் உள்ளேயிருந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். உன் அம்மா ஒரு மடக்குக் குடித்துவிட்டு, சொம்பைக் கீழே வைக்காமல், என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"எனக்கும் இருக்கு. ராத்திரியில நெஞ்சு படபடன்னு அடிச்சு, நின்னு நின்னு வருது. ரெண்டு மாசமா. சொன்னா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய் எனக்கும் கரண்ட் வெச்சுருவாங்கன்னு யாருகிட்டயும் சொல்லல."

சேவியர் அவருக்கு முன்னால் வந்து தரையில் உட்கார்ந்தான். "அம்மா" என்று மட்டும்தான் அவனால் சொல்ல முடிந்தது.

நினைத்துப் பார் ரெஜினா. நீ எழுத முடியாமல் விட்ட பக்கம், நான் பொருள் தெரியாமல் வாதாடிய பக்கம். அந்த ஒரு சொல்லுக்குப் பயந்து உன் அம்மா இரண்டு மாதமாக நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருட்டில் உட்கார்ந்திருந்திருக்கிறார். அடுத்த அறையில் மகன். அவனிடம் பேச்சு இல்லை.

ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும் என்றேன். நெஞ்சில் வயர் ஒட்டுவார்கள் என்று மறைக்காமல் சொன்னேன். "ஷாக் அடிக்குமா?" என்று கேட்டார். "அந்த வயர் உங்களுக்குக் கரண்ட் குடுக்காதும்மா. உங்க நெஞ்சுல இருக்கற கரண்ட் எப்படிப் போகுதுன்னு கேட்டு எழுதும், அவ்வளவுதான்" என்றேன். கொஞ்சம் யோசித்தார். "கேக்கத்தான் செய்யுமா?" என்றார். "கேக்கத்தான் செய்யும்" என்றேன்.

வருகிற புதன்கிழமை, அதே டாக்டரிடம். நான் லீவு சொல்லிவிட்டேன். சேவியர் பட்டறையில் சொல்லிவிட்டான். காலையில் ஸ்ரீரங்கத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்துவிடுவேன். வயரை ஒட்டும்போது உன் அம்மா கண்ணை மூடிக்கொள்வார் என்று எனக்குத் தெரியும். திறந்தால் என் முகம் தெரிகிற இடத்தில் நிற்பேன். மருந்தோ, வேறு எதுவோ, டாக்டர் என்ன சொன்னாலும் அதை அவருக்குப் புரிகிற தமிழில், ஒன்றையும் விடாமல், பொய் சேர்க்காமல் சொல்வேன். இது நான் உனக்குக் கொடுக்கும் வாக்கு.

உன்னைவிட மூன்று மாதம் மூத்தவள் என்பதால் உன் அம்மா இப்போது 'பெரியவளே' என்று கூப்பிடும்,
உன் அக்கா
கோதை
ஸ்ரீரங்கம்